டிங்கிள் குடாநாடு: இரண்டு பெயர்களுக்கு நடுவே ஒரு பட்டினம்

அயர்லாந்தின் தென்மேற்கே, கெரி மாவட்டத்தில், அத்திலாந்திக் சமுத்திரத்தினுள் ஏறத்தாழ 48 கிலோமீற்றர் தூரத்துக்கு நீண்டு கிடக்கின்றது ஒரு குடாநாடு. அதன் தென்கரையில், சுற்றிவர மலைகள் காத்து நிற்கும் ஒரு சிறிய குடாவின் ஓரமாக அமைந்திருக்கின்றது சுமார் இரண்டாயிரம் பேர் வாழும் ஒரு மீன்பிடிப் பட்டினம். உலகம் அதனை டிங்கிள் என்ற பெயரால் அறியும். ஆனால் 2005 மார்ச் 28 முதல் 2011 வரை அந்தப் பெயருக்கு அந்நாட்டின் சட்டத்தில் இடமிருக்கவில்லை.

இப்படியொரு செய்தியைக் கேட்டால், ஆதிக்க மொழியொன்று சிறிய மொழியின் ஊர்ப்பெயரை விழுங்கிவிட்டது என்றே எம்மவர்கள் எவரும் எண்ணுவர். இங்கு நடந்ததோ அதன் மறுதலை. நீக்கப்பட்டது ஆங்கிலப் பெயர். நீக்கியது, அழிந்துகொண்டிருக்கும் ஐரிஷ் மொழியைக் காக்கப் புறப்பட்ட அரசாங்கம். எதிர்த்து நின்றவர்களிலோ, அந்த ஐரிஷ் மொழியையே வீட்டில் பேசுவோரும் இருந்தார்கள். மொழிச் சட்டங்களால் மக்களின் வாழ்வு புரட்டிப் போடப்பட்ட நாடொன்றில் பத்திரிகைத் தொழில் செய்தவன் என்ற வகையில், இந்த முரண்தான் என்னை டிங்கிளுக்கு இழுத்துச் சென்றது என்று சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன்னர் ஒரு புரட்டாசி மாதத்தில் அங்கு ஐந்து நாட்கள் தங்கினேன்.

டப்ளினிலிருந்து ட்றலீ நகருக்கு ரயிலில் நான்கு மணித்தியாலம். அங்கிருந்து பஸ்ஸில் மேலும் ஐம்பது கிலோமீற்றர் வரை செல்ல வேண்டும். ட்றலீயைத் தாண்டிச் சிறிது தூரம் சென்றதும் வீதிப்பலகைகளில் ஆங்கிலம் மறைந்துவிடுகின்றது. நாட்டின் ஏனைய பகுதிகளில் ஐரிஷ் பெயர் சாய்வெழுத்தில் மேலேயும், ஆங்கிலப் பெயர் பெரிய எழுத்தில் கீழேயுமாக இரு மொழிகளும் இருக்கும். இங்கு ஐரிஷ் மட்டுமே. "வழிவிடுக" என்ற பலகைகூட "கேல் ஷ்லீ" என்று ஐரிஷில் நிற்கின்றது. ஐரிஷ் மொழி பேசும் பிரதேசங்களை அரசு எல்லைகீறி "கேல்டக்ட்" என்று பிரகடனம் செய்திருக்கின்றது. டிங்கிள் பட்டினமும் அதற்கு மேற்கேயுள்ள கிராமங்களும் அந்த எல்லைக்குள் வருவன.

நான் தங்கியது துறைமுகத்துக்கு மேலே மேட்டுத்தெருவில் ஒரு விருந்தினர் இல்லம். அதனை நடத்திய அம்மையார் எங்களுடன் ஆங்கிலத்தில் உரையாடுவார். தொலைபேசி ஒலித்தால் சில வேளை ஐரிஷுக்கு மாறிவிடுவார். பட்டினத்தின் கடைத்தெருவில் காதில் விழுவது பெரும்பாலும் ஆங்கிலந்தான். ஒரு பக்கத்தில் ஆணியும் சுத்தியலும் விற்று, மறுபக்கத்தில் மது பரிமாறும் கடையொன்றை அங்கு கண்டேன். பழைய காலத்தில் அந்நாட்டுச் சிறு பட்டினங்களில் அப்படித்தான் இருந்ததாம்.

குடாநாட்டின் ஐரிஷ் பெயர் கோர்க்கா குயினா. குயினா என்ற ஆதித்தாயின் வழிவந்தோர் என்பது அதன் பொருள். இது வெறும் கட்டுக்கதை என்று ஒதுக்கிவிட முடியாதபடி கல்லில் சான்று இருக்கின்றது. கிறிஸ்துவுக்குப் பின் நான்காம் நூற்றாண்டு முதலாக அயர்லாந்தில் "ஓகம்" என்ற எழுத்துமுறை வழங்கியது. நடுகல்லின் விளிம்பையே கோடாகக் கொண்டு, அதன் இருபுறமும் குறுக்காகவும் சரிவாகவும் கீறல்களை இட்டு, கீழிருந்து மேலாக வாசிக்கும் முறை அது. பெரும்பாலானவற்றில் இன்னாரின் மகன் இன்னார் என்பதற்கு மேல் எதுவுமில்லை. அத்தகைய கற்கள் மிகச் செறிந்து காணப்படும் இடங்களுள் இக்குடாநாடும் ஒன்று. அயர்லாந்துப் பெருநிலத்தின் மேற்கு முனையான டூன் மோர் முனையில் நிற்கும் கல்லில், "டொவினியா" என்ற அந்தப் பெண்ணின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கின்றது. ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளாக ஒரு நிலத்தின் பெயரும் அந்நிலத்தில் நிற்கும் ஒரு கல்லும் ஒருவரையே குறிப்பிட்டுக்கொண்டிருக்கின்றன என்பது சாதாரண விடயம் அல்ல.

பட்டினத்தின் பெயர் அவ்வளவு பழையதன்று. ஐரிஷில் "டாங்கன்" என்றால் கோட்டை. "டாங்கன் ஈ கூஷ்" என்பது முழுப்பெயர். கூஷ் என்பாரின் வழியினரது கோட்டை என்று பொருள்படும். ஹஸ்ஸி என்ற நோர்மன் வழிவந்த குடும்பத்தையே அது குறிக்கின்றது என்பர். அந்த "டாங்கன்" ஆங்கிலேயர் வாயில் திரிந்து டிங்கிள் ஆயிற்று. எனவே டிங்கிள் என்பது மேலிருந்து ஒட்டப்பட்ட அந்நியப் பெயரன்று. ஐரிஷ் பெயரின் திரிபுதான் அது. மத்திய காலத்தில் ஸ்பெயினுடன் வாணிபம் செய்த துறைமுகம் இது. 1607 இல் முதலாம் ஜேம்ஸ் மன்னர் இதற்கு நகர அந்தஸ்துச் சாசனம் வழங்கினார். அன்றைய அயர்லாந்துப் பாராளுமன்றத்துக்கு உறுப்பினர்களையும் அனுப்பிய ஊர் இது.

ஸ்பெயினின் தொடர்பு வாணிபத்தோடு நிற்கவில்லை. பட்டினத்துக்கு வடமேற்கே ஸ்மெரிக் குடாவின் கரையில் டூன் அன் ஓர், அதாவது தங்கக் கோட்டை, என்ற ஒரு மண்மேடு இருக்கின்றது. எலிசபெத் மகாராணியாருக்கு எதிராகக் கிளர்ந்த டெஸ்மண்ட் பிரபுக்களுக்கு உதவியாகப் பாப்பரசர் அனுப்பிய இத்தாலிய, ஸ்பானியப் படையினர் 1580 இல் அங்கு அரண் அமைத்திருந்தார்கள். அந்த வருடம் நவம்பரில் மகாராணியாரின் பிரதிநிதி கிறே பிரபு தரைவழியாகவும் கடல்வழியாகவும் கோட்டையை முற்றுகையிட்டார். சில நாட்களில் உள்ளே இருந்தவர்கள் சரணடைந்தார்கள். சரணடைந்த ஏறத்தாழ 600 பேர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அயலிலுள்ள வயல்களை வெட்டிய வயல் என்றும், தலைகளின் வயல் என்றும் பொருள்படும் ஐரிஷ் பெயர்களால் அவ்வூரார் அழைத்து வந்திருக்கின்றனர்.

கிறே பிரபுவின் படை அதிகாரிகளில் ஒருவர் வால்ட்டர் றாலே. அவரது செயலாளராயிருந்தவர், "ஃபேரி குயீன்" காவியத்தை எழுதி ஆங்கில இலக்கியத்தில் அழியாப் புகழ் பெற்ற எட்மண்ட் ஸ்பென்சர். கவிஞர் பின்னாளில் உரைநடை நூலொன்றில் தம் எசமானின் அச்செயலை நியாயப்படுத்தி எழுதினார். பாடசாலையில் ஸ்பென்சரைப் படித்த எமது தலைமுறையினருக்கு இதனை எவரும் சொல்லித்தரவில்லை.

மொழி விழுந்தது வாளினால் அல்ல. 1831 இல் ஆரம்பிக்கப்பட்ட தேசியப் பாடசாலைகள் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்திலேயே போதித்தன. 1824 இல் தொடங்கிய நில அளவைப் பணி ஊர்ப்பெயர்களை ஆங்கில உச்சரிப்பில் வரைபடம் ஏற்றியது. அப்பணியில் ஜோன் ஓடோனவன் போன்ற பேரறிஞர்கள் ஐரிஷ் மூலத்தைத் தேடி நேர்மையாகக் குறித்து வைத்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். பிற்காலத்தில் பெயர்களை மீட்க உதவியவை அந்தக் குறிப்புகளே. 1845 இல் உருளைக்கிழங்கை நோய் பற்றியது. தொடர்ந்த பெரும் பஞ்சத்தில் நாடு முழுவதிலும் சுமார் பத்து இலட்சம் பேர் மாண்டனர். இன்னும் அத்தனை பேர் கப்பலேறினர். பஞ்சம் மிகக் கொடிதாகத் தாக்கியது ஐரிஷ் பேசிய மேற்குக் கரையை. அதன் பின்னர் தாய்மாருக்கு ஆங்கிலம் என்பது அமெரிக்காவுக்கான பயணச்சீட்டாகத் தோன்றியதில் வியப்பில்லை.

இந்தக் கதையின் உள்ளீடு பட்டினத்தில் இல்லை. குடாநாட்டின் மேற்கு முனைக்கு அப்பால், கடலில் திமிங்கிலம் போலப் படுத்திருக்கும் பெரிய பிளாஸ்கட் தீவில் இருக்கின்றது. நான் நின்ற நாட்களில் கடல் கொந்தளித்தமையால் படகு விடவில்லை. டூன் குயின் கிராமத்து இறங்குதுறைக்குச் செல்லும் வளைந்த பாதையின் மேலே நின்று பார்த்தேன். கூரையற்ற வீடுகள் கண்ணுக்குத் தெரிகின்றன. அவ்வளவு அண்மை. ஆனால் இடையிலுள்ள நீரோட்டத்தில்தான் 1588 இல் ஸ்பானிய ஆர்மடாவின் "சாந்தா மரியா டி லா றோசா" என்ற பெருங்கப்பல் மூழ்கிப்போனது.

1916 இல் அத்தீவில் 176 பேர் வாழ்ந்தார்கள். மருத்துவர் இல்லை, கோவில் இல்லை, கடை இல்லை. மரச்சட்டத்தின் மீது கான்வஸ் துணி போர்த்தித் தார் பூசிய "நேவோக்" என்னும் வள்ளங்களில் மீன்பிடித்து, கரைக்கு வந்து பண்டம் மாற்றிச் செல்வார்கள். இந்தச் சிறு கூட்டத்திலிருந்து, ஒரு பரம்பரைக்குள், உலகம் வாசிக்கும் நூல்கள் பிறந்தன. தோமாஸ் ஓ கிரிஹன் என்ற மீனவரின் "தீவுக்காரன்" 1929 இல் வெளியாயிற்று. முரிஷ் ஓ சூலவான் என்ற இளைஞரின் "வளர்ந்த இருபது வருடங்கள்" 1933 இல் வந்தது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்புக்கு முன்னுரை எழுதியவர் நாவலாசிரியர் ஈ.எம். ஃபோர்ஸ்டர். 1936 இல் பெக் சேயர்ஸ் என்ற அம்மையாரின் வாழ்க்கை வரலாறு வெளிவந்தது. அவர் சொல்ல, மகன் எழுதினார்.

ஓ கிரிஹனுக்குப் பள்ளிக்கூடம் கற்பித்த எழுத்து ஆங்கிலம். சொந்த மொழியை வாசிக்கவும் எழுதவும் அவர் கற்றுக்கொண்டது நடுவயதில். அவருடைய மொழி அருமையானது என்று அவருக்கே எடுத்துச் சொன்னவர்கள் வெளியாட்கள். 1907 இல் நோர்வேயிலிருந்து கார்ல் மார்ஸ்ட்ராண்டர் என்ற மொழியியலாளர் வந்தார். அவரைத் தொடர்ந்து லண்டன் பிரிட்டிஷ் நூதனசாலையின் றொபின் ஃபிளவர் வந்தார். ஆங்கிலேயரான ஜோர்ஜ் தொம்சன் வந்தார். இவர் கிரேக்க இலக்கியம் பயின்ற மார்க்சியவாதி. ஹோமரின் உலகத்தை இங்கு உயிருடன் கண்டதாக உணர்ந்தவர். ஓ சூலவானை எழுதத் தூண்டியவரும் இவரே. கிலார்னியிலிருந்து வந்த பிரையன் ஓ கெல்லி, பியர் லோட்டியையும் மாக்சிம் கோர்க்கியையும் ஓ கிரிஹனுக்கு வாசித்துக் காட்டி, மீனவனின் வாழ்க்கையும் இலக்கியமாகலாம் என்று உணர்த்தினார். கோர்க்கியை வாசித்து வளர்ந்த எத்தனையோ தமிழ் எழுத்தாளர்களுக்கு அத்திலாந்திக்கின் நடுவே இப்படியொரு சகபாடி இருந்திருக்கின்றார்!

இனி அரசின் பங்குக்கு வருவோம். 1937 ஆம் ஆண்டின் அரசியலமைப்பு ஐரிஷ் மொழியை முதலாவது உத்தியோக மொழியாக்கியது. பெக் சேயர்ஸின் நூல் பாடப்புத்தகமாயிற்று. பல தசாப்தங்களாக அயர்லாந்து மாணவர்கள் அந்தக் கிழவியின் துயரக்கதையைப் பரீட்சைக்காக உருப்போட்டார்கள். அதன் விளைவு, பெக் என்ற பெயரைக் கேட்டாலே முகஞ்சுளிக்கும் ஒரு பெருங்கூட்டம் உருவானதுதான். நகைச்சுவை நிரம்பிய கதைசொல்லி என்று நேரில் அறிந்தவர்கள் போற்றிய ஒரு பெண்மணிக்கு இதைவிட அநியாயம் செய்ய முடியாது.

தீவுக்கோ அந்த அரசு ஒழுங்கான இறங்குதுறைகூட அமைத்துக் கொடுக்கவில்லை. 1946-47 மாரியில் மூளைக்காய்ச்சல் கண்ட ஓர் இளைஞன், கடல் கொந்தளிப்பினால் மருத்துவர் வர இயலாமல் இறந்துபோனான். 1947 ஏப்ரலில் தீவார் பிரதமர் ஏமன் டி வலெராவுக்குத் தந்தி அடித்தார்கள். புயலில் அகப்பட்டிருக்கின்றோம், உண்ண எதுவுமில்லை, உணவு அனுப்புங்கள் என்பது அதன் சாரம். டி வலெரா அவ்வாண்டு கோடையில் தாமே தீவுக்கு வந்து பார்த்தார். மேலும் ஆறு வருடங்கள் கோப்புகள் நகர்ந்தன. இளைஞர்கள் ஏற்கெனவே அமெரிக்காவின் ஸ்பிறிங்ஃபீல்ட் நகருக்குப் போய்விட்டிருந்தார்கள். 1953 நவம்பர் 17 ஆம் திகதி, எஞ்சியிருந்த 22 பேரைக் கரைக்குக் கொண்டுவரும் பணி தொடங்கியது. அப்போதும் பிரதமர் டி வலெராவே. எதிர்க்கரையில் அவர்களுக்கு வீடுகள் கட்டப்பட்டன. 1891 முதல் மலைகளுக்கூடாக டிங்கிளுக்கு ஓடிய ஒடுங்கிய ரயில்பாதையும் அதே 1953 இலேயே மூடப்பட்டது. இறுதி வருடங்களில் மாதமொருமுறை மாட்டுச்சந்தைக்கு மாத்திரமே அந்த ரயில் ஓடியிருக்கின்றது.

எதிர்க்கரையையும் அவர்கள் நிம்மதியாக விட்டுவைக்கவில்லை. பிள்ளைகள் குறைவு என்ற காரணங்காட்டி 1970 இல் டூன் குயின் பாடசாலையை அரசு இழுத்து மூடியது. பெற்றோர்கள் பணியவில்லை. ஆதரவாளர்களின் உதவியுடன் தாங்களே பள்ளியை நடத்தினார்கள். ஆட்சி மாறிய பின் 1973 இல் அது மீண்டும் திறக்கப்பட்டது. என்னைக் கேட்டால், இக்குடாநாட்டில் மொழிக்காக நடைபெற்ற உருப்படியான போராட்டம் அதுவே என்பேன்.

இதே காலத்தில்தான் பணமும் வந்தது. டேவிட் லீன் 1969 இல் "றயன்ஸ் டோட்டர்" திரைப்படத்துக்காக டூன் குயினுக்கு அருகே கல்லாலேயே ஒரு முழுக் கிராமத்தைக் கட்டினார். படம் உலகெங்கும் ஓடியதும் உல்லாசப் பயணிகள் திரண்டனர். 1980 களின் தொடக்கத்தில் ஃபங்கி என்ற தனி டொல்பின் துறைமுக வாயிலில் குடியேறி, 2020 ஒக்டோபரில் காணாமற்போகும் வரை ஊருக்கே உழைத்துக் கொடுத்தது. உயிரோடிருக்கும்போதே அதற்கு வெண்கலச் சிலை வைத்துவிட்டார்கள். மீன்பிடிப் பட்டினம் உல்லாசப் பயணப் பட்டினமாயிற்று. அந்த வர்த்தகம் முழுவதும் டிங்கிள் என்ற பெயரின் மீதே நின்றது.

இந்த நிலையில்தான் 2003 ஆம் ஆண்டின் உத்தியோக மொழிகள் சட்டத்தின் கீழ் அமைச்சர் ஏமன் ஓ கீவ் இடப்பெயர்க் கட்டளையொன்றைப் பிறப்பித்தார். கேல்டக்ட் பிரதேசங்களின் ஆங்கில ஊர்ப்பெயர்கள் வீதிப்பலகைகளிலும், அரச வரைபடங்களிலும், சட்ட ஆவணங்களிலும் இனிச் செல்லுபடியாகா என்றது அது. தனிப்பட்டவர்கள் எப்படியும் அழைத்துக்கொள்ளலாம். டிங்கிளின் ஒரே உத்தியோகப் பெயர் "அன் டாங்கன்" என்றாயிற்று. ஓ கீவ் வேறு யாருமல்ல, டி வலெராவின் மகள் வயிற்றுப் பேரன். மொழிப்பற்றில் ஐயத்துக்கு இடமில்லாதவர். ஐரிஷை அன்றாடம் பேசுபவர்.

ஊரார் கொதித்தனர். பலகையைத் தேடிவரும் பயணி வழிதவறுவான் என்றனர் ஹோட்டல்காரர்கள். ஒஃபாலி மாவட்டத்தில் ஏற்கெனவே டாங்கன் என்றொரு ஊர் இருப்பதைச் சிலர் சுட்டிக்காட்டினர். ஐரிஷ் அறிந்தவர்களின் ஆட்சேபம் இன்னும் கூர்மையானது: ஐரிஷ் பெயர்தான் வேண்டுமென்றால் எங்கள் முழுப்பெயர் டாங்கன் ஈ கூஷ் அல்லவா, பாதியை வெட்டியது எதற்கு? புதிய பலகைகளில் இரவோடிரவாக டிங்கிள் என்று வர்ணம் விசிறப்பட்டது. 2006 ஒக்டோபரில் மாவட்ட சபை தபால்மூலம் வாக்கெடுப்பு நடத்தியது. 1,222 வாக்காளர்களில் 1,086 பேர் வாக்குச் சீட்டுகளை அனுப்பினர். அவர்களுள் 1,005 பேர், "டிங்கிள் - டாங்கன் ஈ கூஷ்" என்று இரு பெயர்களும் வேண்டுமென்றனர். ஆங்கிலம் மட்டும் போதும் என்று அவர்கள் கேட்கவில்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். அமைச்சரோ, இந்த வாக்கெடுப்பின்படி நடக்கச் சட்டத்தில் இடமில்லை என்றார். ஆங்கிலப் பெயர் வேண்டுமானால் பட்டினம் கேல்டக்ட் எல்லையிலிருந்து வெளியேற நேரும் என்ற பேச்சும் எழுந்தது. அப்படி வெளியேறினால் அதற்குரிய மானியங்களும் போய்விடும். ஈற்றில் 2011 இல் பாராளுமன்றம் வேறொரு சட்டத்தினுள் ஒரு பிரிவைச் சேர்த்து, டிங்கிள் என்றும் டாங்கன் ஈ கூஷ் என்றும் இரண்டையும் அங்கீகரித்தது. ஊருக்கு மீண்டது ஆங்கிலப் பெயர் மாத்திரமல்ல, ஐரிஷ் பெயரின் வெட்டப்பட்ட பாதியுந்தான்.

விருந்தினர் இல்லத்து அம்மையாரிடம் ஒருநாள் காலை, சோடா ரொட்டியும் தேநீரும் வைத்துக்கொண்டு, அவர் எப்பக்கம் வாக்களித்தார் என்று விசாரித்தேன். இரண்டு பெயருக்குந்தான் என்றார் தயக்கமின்றி. வீட்டில் பேரப்பிள்ளைகளுடன் ஐரிஷிலேயே கதைப்பதாகவும், பிள்ளைகளோ தமக்குள் விளையாடும்போது ஆங்கிலத்துக்கு ஓடிவிடுவதாகவும் சொன்னார். பலகையைப் பற்றிப் பேசியபோது இல்லாத கவலை அதைச் சொல்லும்போது முகத்தில் இருந்தது. குடாநாட்டின் மேற்கே வீட்டு விலைகள் ஏறி, கோடையில் மட்டும் விளக்கெரியும் விடுமுறை வீடுகள் பெருகியிருப்பதையும், உள்ளூர் இளந்தம்பதிகள் வெளியேறுவதையும் பற்றி நீண்ட நேரம் கதைத்தார்.

2022 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டில், ஐரிஷ் தெரியும் என்று நாடெங்கிலும் சுமார் 18 இலட்சத்து 74 ஆயிரம் பேர் பதிந்திருக்கின்றார்கள். பாடசாலைக்கு வெளியே அதனை அன்றாடம் பேசுபவர்கள் 71,968 பேர் மட்டுமே. அவர்களுள் கேல்டக்ட் பிரதேசங்களில் வாழ்வோர் 20,261 பேர். 2007 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் உத்தியோக மொழிகளுள் ஒன்றாக விளங்கும் மொழியின் நிலை இது.

டூன் குயினுக்கும் டன்குயின் என்றொரு ஆங்கிலப் பெயர் வரைபடங்களில் இருந்தது. அதுவும் அதே 2005 கட்டளையினால் நீங்கியது. அங்கே எவரும் வாக்கெடுப்புக் கேட்கவில்லை. பஸ் சாரதியிடம் காரணம் வினவினேன். அந்தப் பெயர் வெளியூராருக்காக இருந்தது என்று சொல்லிவிட்டு, இறங்கவிருந்த ஒரு முதியவருடன் ஐரிஷில் பேச்சைத் தொடர்ந்தார்.